மழுப்பும் சொற்களைப் பிடிப்பது எப்படி? செய்தி படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஓர் அரசு அறிவிப்பையோ, அமைச்சர் பேட்டியையோ, காவல்துறையின் செய்திக் குறிப்பையோ படித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "சரி, யார் யாருக்கு என்ன செய்தார்கள்?" பல நேரம் பதில் சொல்ல முடியாது. எல்லாம் தெரிந்த சொற்கள்தான், ஆனால் நடந்தது என்ன என்பது மட்டும் பிடிபடாது. குறை உங்களிடம் இல்லை, குறிப்பு அப்படி எழுதப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்துப் படிக்கப் பட்டம் எதுவும் தேவையில்லை. ஒரு நோட்டு, ஒரு பென்சில், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். போட்டித் தேர்வுக்காக நாளிதழ் படிக்கத் தொடங்கியவர்களையும், வாட்ஸ்அப்பில் வரும் அறிக்கைகளை எப்படி எடுத்துக்கொள்வது என்று யோசிப்பவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: எல்லா மென்சொல்லும் ஏமாற்று இல்லை

தமிழ் இலக்கணத்தில் தகுதி வழக்கு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று அது மூன்று வகைப்படும். "கால் கழுவி வந்தேன்" என்பது இடக்கரடக்கல். "இயற்கை எய்தினார்" என்பது மங்கலம். இவற்றில் கேட்பவருக்கு எதுவும் மறைக்கப்படுவதில்லை. இயற்கை எய்தினார் என்று கேட்ட யாரும் அவர் உயிரோடு இருப்பதாக நினைப்பதில்லை. துக்கத்தில் இருக்கும் குடும்பத்துக்காகச் சொல்லை மென்மையாக்குகிறோம், அவ்வளவுதான்.

குழூஉக்குறி வேறு வகை. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரிந்துகொள்ள வைத்திருக்கும் சொல் அது. அரசியல் மழுப்பல் சொல் வெளியில் மங்கலம் போலத் தெரியும், உள்ளே குழூஉக்குறியாக வேலை செய்யும். எழுதிய அதிகாரிக்கு அதன் பொருள் தெரியும். படிக்கும் நமக்குத் தெரியக்கூடாது என்பதற்காகவே அந்தச் சொல் தேர்ந்தெடுக்கப்படுகிறது.

எனவே எந்தச் சொல்லைச் சந்தேகித்தாலும் முதலில் இரண்டைச் சோதியுங்கள். கேட்டவுடன் நடந்தது என்னவென்று தெரிகிறதா? அந்த மென்மையால் காப்பாற்றப்படுவது பாதிக்கப்பட்டவரா, பாதிப்பை உண்டாக்கியவரா? "மாற்றுத்திறனாளி" இரண்டு சோதனையிலும் தேறிவிடும். "தூய்மைப் பணியாளர்" என்பதும் மரியாதையான சொல்தான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2025 ஆகஸ்டில் சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை முன்பு இரவு பகலாக உட்கார்ந்திருந்தவர்கள், தங்கள் மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் போராடினார்கள். நல்ல பெயர் கொடுத்துவிட்டோம் என்பது அவர்கள் கேட்டதற்குப் பதில் ஆகாது.

முதல் படி: வாக்கியத்தில் ஆளைத் தேடுங்கள்

பென்சிலை எடுத்து வினைச்சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். நடந்தது, ஏற்பட்டது, நேர்ந்தது, நடத்தப்பட்டது, அகற்றப்பட்டது என்று வந்தால் பக்கத்திலேயே "யார்?" என்று எழுதுங்கள். எழுவாயைச் சொல்லாமல் விடுவது தமிழில் இயல்பு. அதனால் இந்த ஓட்டை நம் கண்ணில் சட்டென்று படாது. "லேசான தடியடி நடத்தப்பட்டது" என்பதை எத்தனை முறை படித்திருப்போம்! அடித்தவரும் அந்த வாக்கியத்தில் இல்லை, அடிபட்டவரும் இல்லை. லேசானது என்று முடிவு செய்தவர் யார் என்பதும் இல்லை.

2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஊர்வலம் போனவர்களைப் போலீஸார் சுட்டார்கள். அன்றும் மறுநாளும் சுட்டதில் 13 பேர் இறந்தார்கள். தவிர்க்க முடியாத சூழலில் காவல்துறை நடவடிக்கை எடுக்க நேர்ந்தது என்று அரசு சொன்னது. "நேர்ந்தது" என்ற சொல்லைக் கவனியுங்கள். மழை பெய்ததையும் இப்படித்தான் சொல்வோம். பின்னர் நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் விசாரித்தது. அதன் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. கூட்டத்தின் தூண்டுதல் இல்லாமலேயே போலீஸார் சுட்டார்கள் என்று சொன்ன அந்த ஆணையம், காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. "நேர்ந்தது" என்ற ஒரு வினைக்குப் பின்னால் பதினேழு பேர் இருந்தார்கள். இடையில் போன ஆண்டுகள் நான்குக்கும் மேல்.

காவல்துறைக் குறிப்புகளில் இன்னும் இரண்டு வழக்கமான வாக்கியங்கள் உண்டு. "தப்பியோட முயன்றபோது கழிவறையில் வழுக்கி விழுந்து கை முறிந்தது" என்பது ஒன்று. மாவுக்கட்டோடு எடுத்த படமும் கூடவே வரும். "தற்காப்புக்காகச் சுட்டதில் உயிரிழந்தார்" என்பது மற்றொன்று, அதற்கு என்கவுன்டர் என்று பெயர். 2019 டிசம்பரில் ஹைதராபாத் அருகே, ஒரு பெண் மருத்துவரின் பாலியல் வன்கொலை வழக்கில் கைதான 4 பேர் இப்படிக் கொல்லப்பட்டபோது நாடெங்கும் பாராட்டினார்கள். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி சிர்புர்கர் ஆணையம், கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்ற முடிவுக்கு வந்தது. என்கவுன்டர் மரணம் ஒவ்வொன்றிலும் முதல் தகவல் அறிக்கையும், தொடர்பில்லாத பிரிவின் விசாரணையும், மாஜிஸ்திரேட் விசாரணையும் வேண்டும் என்று 2014இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. என்கவுன்டர் என்ற சொல்லைப் பார்த்தால் இந்த மூன்றும் நடந்தனவா என்று தேடுங்கள்.

இரண்டாம் படி: வரையறையைத் தேடிப் படியுங்கள்

இந்தப் படியில்தான் நேரம் செலவிட வேண்டும். பொய் சொல்லாமலேயே ஏமாற்றும் வழி இங்கேதான் இருக்கிறது.

"விஷவாயு தாக்கி இருவர் பலி" என்ற தலைப்பைத் தமிழ்நாட்டில் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம். முதல் படியை இதில் செய்து பாருங்கள். எழுவாய் விஷவாயு! கழிவுநீர்த் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே ஒரு மனிதரை உள்ளே இறங்கச் சொன்ன ஒருவர் இருக்கிறார். தலைப்பில் அவர் இல்லை.

இப்போது சட்டத்துக்கு வருவோம். கையால் மலம் அள்ளும் வேலையில் ஆட்களை ஈடுபடுத்துவதைத் தடை செய்யும் சட்டம் 2013இல் வந்தது. அதன் 2ஆம் பிரிவில் இரண்டு தனித்தனி வரையறைகள் இருக்கின்றன. "கையால் மலம் அள்ளுபவர்" என்றால் சுகாதாரமற்ற கழிப்பறையிலோ, அதன் கழிவு போய்ச் சேரும் திறந்த வடிகால், குழியிலோ, தண்டவாளத்திலோ மலத்தைக் கையால் அகற்ற வைக்கப்படுபவர். பாதாள சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பாதுகாப்புக் கவசமும் முன்னெச்சரிக்கையும் இல்லாமல் ஆளை இறக்கிச் சுத்தம் செய்யவைப்பது "ஆபத்தான சுத்திகரிப்பு". இரண்டுமே குற்றம்தான். ஆனால் கணக்கில் இரண்டும் வேறு வேறு.

2021 பிப்ரவரியில் மக்களவையில் ஒன்றிய அரசு பதில் சொன்னது: அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் சாக்கடைகளையும் தொட்டிகளையும் சுத்தம் செய்தபோது 340 பேர் இறந்திருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் மாநிலங்களவையில் இன்னொரு பதில்: கையால் மலம் அள்ளியதால் இறப்பு எதுவும் பதிவாகவில்லை. இரண்டும் ஒரே அமைச்சகத்தின் பதில்கள். வரையறையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் இரண்டாவது பதிலைப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அதைத் தொலைக்காட்சியில் கேட்டவர்களுக்கு, மலக்குழியில் யாரும் சாகவில்லை என்ற எண்ணம்தான் வந்திருக்கும். இறந்தவர்களின் வீட்டில் அந்தச் செய்தியைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் வருகிறது.

எனவே ஓர் அறிக்கையில் "இல்லை", "பதிவாகவில்லை", "பூஜ்ஜியம்" என்று வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். எந்தச் சொல்லுக்கு எதிரே இந்தப் பூஜ்ஜியம் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சொல் எந்தச் சட்டத்திலிருந்து வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலான சட்டங்களில் 2ஆம் பிரிவுதான் வரையறைப் பகுதி. இந்தியச் சட்டங்கள் "இந்தியா கோட்" என்ற அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நாடாளுமன்றக் கேள்வி பதில்கள் "சன்சத்" இணையதளத்தில் இருக்கின்றன. அப்புறம், அதே சம்பவம் வேறு எந்தப் பெயரில் கணக்கில் ஏறியிருக்கலாம் என்று யோசித்து அந்தப் பெயரிலும் தேடுங்கள். "கையால் மலம் அள்ளுதல்" என்று மட்டும் தேடினால் பூஜ்ஜியம்தான் கிடைக்கும்.

சொல்லை மாற்றியதால் சட்டமே மாறியதும் உண்டு. 1975 ஜூனில் நெருக்கடி நிலையை அறிவித்தபோது காட்டிய காரணம் "உள்நாட்டுக் குழப்பம்". அரசமைப்பின் 352ஆம் பிரிவில் அப்போது அந்தச் சொல் இருந்தது. எதையும் குழப்பம் என்று சொல்லிவிடலாம். 1978இல் வந்த 44ஆவது திருத்தம் அதை எடுத்துவிட்டு "ஆயுதக் கிளர்ச்சி" என்று வைத்தது. சொல்தானே என்று யாராவது உங்களிடம் சொன்னால் இதை எடுத்துக்காட்டுங்கள்.

மூன்றாம் படி: பெயரை மூடிவிட்டு இடத்தைப் பாருங்கள்

ஓர் இடத்துக்கோ திட்டத்துக்கோ நல்ல பெயர் வைத்திருந்தால், பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேளுங்கள். உள்ளே இருப்பவர் நினைத்தால் வெளியே போகலாமா? வரமாட்டேன் என்று சொல்ல முடிந்ததா? வாசலில் நிற்பவர் யார்?

2009இல் இலங்கையின் வடக்கே வன்னியில் நடந்த இறுதிப் போரை இலங்கை அரசு "மனிதாபிமான நடவடிக்கை" என்று அழைத்தது. பாதுகாப்பு அமைச்சு 2011இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலும் அதே பெயர்தான். 2009 ஜனவரி முதல் மே வரை அடுத்தடுத்து மூன்று "பாதுகாப்பு வலயங்கள்" அறிவிக்கப்பட்டன. மக்கள் அங்கே போகச் சொல்லப்பட்டார்கள். அந்த மூன்று வலயங்களுக்குள்ளும் அரசுப் படைகள் பெருமளவில் ஷெல் அடித்தன என்று ஐ.நா. பொதுச் செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011இல் எழுதியது. புலிகள் மக்களைப் போகவிடாமல் தடுத்ததையும், தப்ப முயன்றவர்களைச் சுட்டதையும் அதே அறிக்கை பதிவு செய்திருக்கிறது. பாதுகாப்பு என்ற சொல்லை நம்பி நடந்த குடும்பங்கள் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டன.

தப்பி வந்தவர்கள் செட்டிகுளத்தில் மெனிக் பாமில் வைக்கப்பட்டார்கள். அதற்கு "நலன்புரி நிலையம்" என்று பெயர். உள்ளே இருந்த வலயங்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி, கதிர்காமர் என்று பெயர் வைத்தார்கள். மேலே சொன்ன மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். வெளியே போக முடியாது, சுற்றிலும் முள்வேலி. வரமாட்டேன் என்று சொல்ல வழியில்லை. வாசலில் இராணுவம். தற்காலிகமாக வெளியே போய்வர அனுமதி கிடைத்ததே 2009 டிசம்பரில்தான். முகாம் முழுதாக மூடப்பட்டது 2012 செப்டம்பரில். விசாரணை இல்லாமல், குற்றச்சாட்டு இல்லாமல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பூட்டி வைத்திருந்தார்கள் என்பதை "நலன்புரி" என்ற சொல் சொல்லுமா?

இந்தக் கதையில் ஒரு சொல்லை மக்களே திருத்தினார்கள். அரசு "காணாமல் போனோர்" என்கிறது. அதற்கென 2016இல் சட்டம் இயற்றி அமைத்த அலுவலகத்தின் பெயரிலும் அதுதான் இருக்கிறது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் பந்தல் போட்டு உட்கார்ந்த தாய்மார் "காணாமல் ஆக்கப்பட்டோர்" என்றார்கள். போரின் முடிவில் முல்லைத்தீவு அருகே வட்டுவாகலில் தங்கள் கண் முன்னே, தங்கள் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளையைக் காணாமல் போனவர் என்று அவர்கள் எப்படிச் சொல்வார்கள்? முதல் படியில் நாம் கற்றுக்கொள்ளும் பாடத்தை அவர்கள் ஒரு சொல்லுக்குள் செய்து முடித்துவிட்டார்கள். இலங்கைச் செய்தி எழுதும்போது நானும் அவர்களுடைய சொல்லைத்தான் எழுதுவேன்.

சென்னையில் "ஆக்கிரமிப்பு அகற்றம்", "மறுகுடியமர்வு" ஆகியவற்றுக்கும் இந்த மூன்று கேள்விகள் பொருந்தும். கூடவே ஒன்று: எவ்வளவு தூரம்? 2015 வெள்ளத்துக்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்ட பல குடும்பங்களுக்கு, வேலை செய்த வீடும் பிள்ளைகளின் பள்ளியும் 20 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளிப் போய்விட்டன.

நான்காம் படி: பணம் என்றால் தொகையைக் கேளுங்கள்

இது எளிது. "கட்டண மாற்றியமைப்பு", "விலைச் சீரமைப்பு" என்று வந்தால் பழைய தொகை, புதிய தொகை, எந்தத் தேதியிலிருந்து என்று மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். சொல் தானாகவே உதிர்ந்துவிடும். நீங்கள் ஆதரிக்கும் தரப்பின் சொல்லையும் இதேபோலச் சோதியுங்கள். 2021 ஆகஸ்டில் ஒன்றிய அரசு 6 லட்சம் கோடி ரூபாய் மதிப்புக்குத் தேசியப் பணமாக்கல் திட்டத்தை அறிவித்தது. "பணமாக்கல்" என்றால் பலருக்கு எதுவும் புரியவில்லை. எதிர்த்தவர்கள் "நாட்டை விற்கிறார்கள்" என்றார்கள். சாலை, ரயில் நிலையம், மின்கடத்தும் தடம் போன்றவற்றை உரிமையை வைத்துக்கொண்டு பல ஆண்டுகளுக்குத் தனியாரிடம் கொடுத்து, முன்பணம் வாங்குவதுதான் திட்டம். நீண்டகாலக் குத்தகை என்று சொல்லியிருந்தால் ஊரில் எல்லோருக்கும் புரிந்திருக்கும், சரியா தவறா என்று அவர்களே பேசியிருப்பார்கள்.

ஐந்தாம் படி: கடுமையான சொல்லும் மறைக்கும்

தொடங்குபவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் இடம் இது. மென்மையான சொல் செயலை மறைக்கும், கடுமையான சொல் ஆளை மறைக்கும். தமிழ்நாட்டில் 1982ஆம் ஆண்டின் ஒரு சட்டத்தை எல்லோரும் குண்டர் சட்டம் என்கிறோம். விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை ஒருவரைச் சிறையில் வைக்கலாம் என்பதுதான் அதன் சாரம். "குண்டர் சட்டத்தில் கைது" என்று படித்ததும், குண்டராக இருந்தால் உள்ளே போகட்டும் என்று மனம் ஒதுங்கிவிடுகிறது. 2017 மே மாதம் மெரினாவில் ஈழப் போரில் இறந்தவர்களுக்கு நினைவேந்தல் நடத்த முயன்ற மே 17 இயக்கத்தின் திருமுருகன் காந்தி மீதும் அது பாய்ந்தது. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இடைப்பட்ட மாதங்களைச் சிறையில் கழித்தது கழித்ததுதான்.

"சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள்" என்பதும் இந்த வகைதான். "துரோகி" என்ற சொல்லை ஈழ இயக்கங்கள் பயன்படுத்திய விதத்தையும் இதில் சேர்க்க வேண்டும். அந்தப் பட்டம் ஒட்டப்பட்ட பிறகு, கொல்லப்பட்டவரைப் பற்றி யாரும் கேள்வி கேட்கத் துணியவில்லை. இப்படிப்பட்ட சொல் வந்தால் அதை எடுத்துவிட்டு அந்த ஆளின் வேலை, வயது, ஊர், அவர் செய்ததாகச் சொல்லப்படும் செயல் ஆகியவற்றை வைத்து வாக்கியத்தைப் படியுங்கள்.

ஆறாம் படி: நீங்களே திருப்பி எழுதுங்கள்

பயிற்சிக்காக நானே எழுதிய ஒரு வாக்கியம் இது: "சட்டம் ஒழுங்கைப் பாதுகாக்கும் பொருட்டு குறைந்தபட்ச பலம் பிரயோகிக்கப்பட்டதில் சிலருக்குக் காயம் ஏற்பட்டது. முன்னெச்சரிக்கையாக 40 பேர் அப்புறப்படுத்தப்பட்டு மண்டபத்தில் வைக்கப்பட்டுள்ளனர்."

இப்படி மாற்றலாம்: "(எந்த நிலையத்துப்?) போலீஸார், (எதற்காகக்?) கூடியிருந்தவர்களைத் (தடியாலா, வேறு எதனாலா?) அடித்தார்கள். (எத்தனை?) பேர் காயமடைந்தார்கள். 40 பேரை அங்கிருந்து கொண்டுபோய் (எந்த?) மண்டபத்தில் அடைத்திருக்கிறார்கள். (வழக்கு உண்டா? எப்போது விடுவார்கள்?)"

தெரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாதீர்கள், கேள்விக்குறியாகவே விடுங்கள். மழுப்பலுக்கு மாற்றாக நம் கற்பனையை வைத்தால் நாமும் அதே தப்பைச் செய்கிறோம். பிறருக்கு அனுப்பும்போது மூல வாக்கியத்தை முதலில் வைத்து, அதன் கீழே உங்கள் வாக்கியத்தை வையுங்கள். படிப்பவர் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

பத்திரிகைகளுக்கும் எழுதுங்கள். அமெரிக்க உளவு அமைப்பு கைதிகளைத் தண்ணீரில் மூச்சுத் திணறவைத்ததற்கு "மேம்படுத்தப்பட்ட விசாரணை முறைகள்" என்று பெயர் வைத்தது. நியூயார்க் டைம்ஸ் பல ஆண்டுகள் "சித்திரவதை" என்ற சொல்லைத் தவிர்த்து வந்தது. தொடர்ந்து வந்த விமர்சனத்துக்குப் பிறகு, 2014 ஆகஸ்டில் இனி சித்திரவதை என்றே எழுதுவோம் என்று அறிவித்தது. பெரிய நாளிதழ்களின் சொல் வழக்கும் மாறக்கூடியதுதான்.

ஏழாம் படி: கேள்விக்குறிகளை மனுவாக்குங்கள்

அடைப்புக்குறிக்குள் விட்டுவைத்த கேள்விகளை அப்படியே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அனுப்பலாம். சட்டம் 2005இல் வந்தது. 6(1) பிரிவின் கீழ், சம்பந்தப்பட்ட அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் 10 ரூபாய், தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. "எந்த ஆணையின்படி, எந்தத் தேதியில், கையெழுத்திட்டவர் யார், நகல் தருக" என்று ஆவணத்தைக் கேளுங்கள். மழுப்பல் சொல்லைக் கேள்வியில் பயன்படுத்தாதீர்கள், சட்டத்தின் சொல்லையும் நடந்த செயலையும் இரண்டையும் எழுதுங்கள். "கையால் மலம் அள்ளுதலிலும், சாக்கடை மற்றும் கழிவுநீர்த் தொட்டிச் சுத்திகரிப்பிலும் இறந்தவர்கள், தனித்தனியாக" என்று கேட்டால் இரண்டாம் படியில் பார்த்த பூஜ்ஜியம் உங்களுக்கு வராது.

30 நாளில் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். வராவிட்டாலோ, அரைகுறையாக வந்தாலோ, அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு அடுத்த 30 நாளுக்குள் எழுதுங்கள். இலங்கையில் இருப்பவர்களுக்கும் 2017 பிப்ரவரி முதல் இதுபோன்ற சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அங்கே தமிழிலேயே விண்ணப்பிக்கலாம்.